ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு

பி.காம். சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. பற்று இல்லாமல் வரவு இல்லை. இந்தப் பக்கம் எழுதினால் அந்தப் பக்கமும் எழுதியாக வேண்டும். கடைசியில் இரண்டும் சரியாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ தப்பு. மூன்று வருஷமும் இதே மந்திரம்தான். அப்புறம் அதே பிள்ளைகளை ஓர் இணையவழிப் பாடத்தில் உட்காரவைத்து, சொத்துச் சட்டம், கடன் வசூல், கடன் கொடுத்தவரின் உரிமைகள் என்று வாரக்கணக்கில் வீடியோ காட்டி, பேரேட்டின் ஒரே ஒரு பக்கத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். மறுபக்கம் வெள்ளைத்தாள். அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லையே!

டெல்லியிலோ மும்பையிலோ படிக்கிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாமல் போகலாம். ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற மாணவர்கள் பலர், கடன் வாங்கிய வீட்டிலிருந்து வருகிறவர்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்குக் கடன். திறக்காவிட்டால் சம்பாவுக்குக் கடன். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று காத்துக் கிடக்கும் நாளில் கைச்செலவுக்கு இன்னொரு கடன். இந்த வீட்டுப் பிள்ளைக்கு, கடன் கொடுத்தவன் எப்படி வசூலிக்கலாம் என்று மட்டும் சொல்லித்தருவது எந்த ஊர் நியாயம்?

சரி, பாடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பாடத்தில் இருப்பது

1993-ல் வந்த கடன் வசூல் தீர்ப்பாயச் சட்டம். 2002-ல் வந்த சர்பாசி சட்டம். 2016-ல் வந்த திவால் சட்டம். இந்த மூன்றும்தான் பாடத்தின் தூண்கள். ஏன் வந்தன என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. வங்கிகள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைந்தன. கொடுத்த கடன் திரும்பாமல் வாராக்கடனாக மலை மாதிரி குவிந்தது. அந்தப் பணம் வங்கி முதலாளியின் சட்டைப்பையிலிருந்து வந்ததல்ல. ஓய்வூதியக்காரரும் சிறுவியாபாரியும் போட்ட டெபாசிட். அதைத் திரும்ப வாங்க வழி வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

சர்பாசி சட்டத்தின்படி, அடமானம் வாங்கிய வங்கி கோர்ட்டுக்குப் போகாமலேயே சொத்தைக் கையகப்படுத்தலாம், விற்கலாம். 13(2) பிரிவில் நோட்டீஸ், 13(4) பிரிவில் சுவாதீனம், 14-ம் பிரிவில் மாவட்ட ஆட்சியர் அல்லது மாஜிஸ்திரேட்டின் உதவி. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் கேள்வி இப்படி வரும்: நோட்டீஸ் காலம் எத்தனை நாள்? 30, 45, 60, 90. அறுபதைத் தொட்டால் ஒரு மதிப்பெண்.

நல்லது. அந்த நோட்டீஸ் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த 60 நாளில் அந்த வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

விடை சட்டத்திலேயே இருக்கிறது. 13(3ஏ) பிரிவு. கடன் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி அதை ஏற்காவிட்டால், 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் எழுதியாக வேண்டும். அப்படியும் சொத்தை எடுத்தால் 17-ம் பிரிவின்படி 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதலில் இந்த வழியில் ஒரு பெரிய பாறாங்கல் கிடந்தது: கேட்கிற தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மனுவே எடுப்போம் என்றது சட்டம். 75 சதவீதம் கையில் இருக்கிறவன் எதற்கய்யா தீர்ப்பாயத்துக்கு வருகிறான்? 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாறாங்கல்லைத் தூக்கி எறிந்தது. இந்த வழக்கின் பெயர் பாடத்தில் கட்டாயம் வரும், சர்பாசி சட்டம் செல்லும் என்று சொன்ன தீர்ப்பாக. கடன் வாங்கியவனுக்குக் கதவு திறந்துவிட்ட தீர்ப்பும் அதுவே என்பது ஒரு வரியில் ஓடிவிடும்.

டெல்டா நிலத்துக்கு ஒரு தனிக் கதவு

இன்னும் ஒன்று. இந்தப் பகுதி மாணவருக்கு இதைவிட முக்கியமான பிரிவு அந்தச் சட்டத்தில் வேறு இருக்க முடியாது. 31(ஐ). விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு சர்பாசி சட்டம் பொருந்தாது! அதாவது, வயலை அடமானம் வாங்கிய வங்கி நோட்டீஸ் ஒட்டிவிட்டு ஏலம் போட முடியாது. மற்ற எல்லோரையும் போலக் கோர்ட்டுக்கோ தீர்ப்பாயத்துக்கோ போய் உத்தரவு வாங்கித்தான் வர வேண்டும். அதே 31-ம் பிரிவில் இன்னொன்று: அசலும் வட்டியும் சேர்ந்ததில் பாக்கி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. எண்பதுக்கு மேல் கட்டிவிட்டவரை கடைசித் தவணைக்காக வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்பதுதான் இதன் பொருள்.

இந்த விலக்கைப் பற்றிப் பெரிய வழக்குகளும் நடந்திருக்கின்றன. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புளூ கோஸ்ட் ஓட்டல்ஸ் வழக்கில், கோவாவில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டல் இருந்த இடத்தில் ஒரு பகுதி விவசாய நிலம் என்று சொல்லி இந்த விலக்கைக் கேட்டார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏர் ஓட்டுகிறவனுக்காக வைத்த கதவில் ஓட்டல்காரர் நுழையப் பார்த்திருக்கிறார், வக்கீல் வைத்துக்கொண்டு! அதே வருஷம் ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு போனது, இந்தியன் வங்கிக்கும் பாப்பிரெட்டியாருக்கும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் புஞ்சை, நஞ்சை என்று எழுதியிருப்பது மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது, எதற்காக அடமானம் வைக்கப்பட்டது என்று மொத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இதன் அர்த்தம் தஞ்சாவூர் புறவழிச்சாலையோரம் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எவருக்கும் புரியும். நாலு கல் நட்டு, மனை என்று பலகை வைத்து, பட்டாவில் மட்டும் நஞ்சை என்று இருந்தால் அந்தக் கவசம் நிற்பது சந்தேகம். நடவு நட்டு அறுத்துக்கொண்டிருந்தால் அடங்கல் பேசும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருஷா வருஷம் அடங்கல் சரியாக எழுதப்படுகிறதா என்று பார்ப்பது வெறும் மானியத்துக்காக மட்டுமல்ல. ஒருநாள் நிலத்தைக் காப்பாற்றப் போகிற சாட்சி அது. இதை ஒரு வணிகவியல் மாணவி தன் தாத்தாவுக்குச் சொல்ல முடியும், அவளுக்கு யாராவது சொல்லியிருந்தால்.

ஒத்தியா, கிரயமா?

வங்கியை விடுங்கள். டெல்டாவில் வங்கிக்கு வெளியே ஓடுகிற கடன் எவ்வளவோ. அங்கே சட்டம் 2002-ல் தொடங்கவில்லை. 1882-ல் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. அதில் 58-ம் பிரிவு அடமானத்தை வகை வகையாகப் பிரிக்கிறது. நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் கொடுத்து, அவர் விளைச்சலை எடுத்துக்கொள்வது ஒரு வகை. ஊரில் ஒத்தி, போக்கியம் என்கிறார்களே, அதுதான். 60-ம் பிரிவு, பணத்தைக் கட்டிவிட்டு நிலத்தை மீட்கிற உரிமை. இந்த உரிமையை எந்தப் பத்திரமும் அடைக்க முடியாது. "இத்தனை வருஷத்துக்குள் மீட்காவிட்டால் நிலம் எனக்கே" என்று அடமானப் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் செல்லாது.

"முப்பது வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் ஒத்தியை மீட்க முடியாது" என்று ஊரில் பெரிய மனுஷர்கள் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேர் சும்மா இருந்துவிட்டார்கள். 2014 ஆகஸ்டில் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள்: அனுபவ அடமானத்தில் அந்த முப்பது வருஷக் கணக்கு பத்திரம் எழுதிய தேதியிலிருந்து ஓடாது. விளைச்சலிலிருந்தோ பணமாகவோ கடன் தீர்கிறபோதுதான் ஓடத் தொடங்கும். ஒரே ஒரு தீர்ப்பு. ஒரு வார வகுப்பு. பீரோவின் அடியில் கிடக்கிற பழைய ஒத்திப் பத்திரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

இதற்கு நேர் எதிராக ஒரு பள்ளமும் இருக்கிறது. "அடமானம் எல்லாம் எதற்குங்க? கிரயமாவே எழுதிக் குடுத்துருங்க. பணத்தைக் கட்டுனதும் திருப்பி எழுதித் தந்துர்றேன்." இந்த வசனத்தைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா? சட்டம் இதைப் பற்றி 1929-லேயே எச்சரித்துவிட்டது. அந்த வருஷம் 58(சி) பிரிவில் சேர்த்த வரியின்படி, திருப்பித் தருவேன் என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அது அடமானம். தனித்தாளில் எழுதினாலும் வாயால் சொன்னாலும் அது அடமானமாகாது, கிரயம் கிரயம்தான். மீட்கிற உரிமையும் போச்சு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிற அந்த ஐந்து நிமிடத்தில், பக்கத்தில் நிற்கிற மகனோ மகளோ "அப்பா, இது கிரயப் பத்திரம்ப்பா, போடாதீங்க" என்று சொன்னால் ஒரு குடும்பத்தின் நிலம் தப்பும். அவர்கள் படிப்பதோ கம்பெனி வாங்கிய கோடிக்கணக்கான கடனை மறுசீரமைப்பது எப்படி என்று!

நிலமே இல்லாதவன் எதை அடமானம் வைப்பான்?

பாடம் முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: கடன் வாங்குகிறவன் பேரில் சொத்து இருக்கிறது. டெல்டாவில் வயலில் இறங்கி உழுகிறவர்களில் கணிசமானவர்கள் குத்தகைக்காரர்கள். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம். வாய்மொழிக் குத்தகை என்றால் காகிதமே கிடையாது. காகிதம் இல்லை என்றால் பயிர்க்கடன் வாங்குவதும் பயிர்க் காப்பீடு செய்வதும் பெரும்பாடு. 2019-ல் மத்திய அரசு தொடங்கிய வருஷத்துக்கு 6,000 ரூபாய் திட்டம்கூட நிலம் பேரில் இருப்பவருக்குத்தான்.

இந்தக் குறையைச் சரிசெய்யச் சட்டம் எழுதியதில் தஞ்சாவூருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1955-ல் மாநிலம் முழுமைக்கும் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம். தாசில்தாரிடம் மனுக் கொடுத்துப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். சொத்து என்றால் உரிமைப் பத்திரம் மட்டுமல்ல, உழுகிறவனுக்கும் நிலத்தில் ஒரு பாத்தியதை உண்டு என்று சொன்ன சட்டங்கள் இவை. தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு சொத்துச் சட்டம் படிக்கிறவருக்கு தஞ்சாவூர் பேரிலேயே வந்த சட்டத்தைச் சொல்லாமல் விடுவது எப்படிப்பட்ட பாடம்?

நிலம் பேரில் இல்லாதவனிடம் அடமானம் வைக்க மிச்சம் இருப்பது நகையும் கையெழுத்தும் மானமும்தான். அடமானம் என்ற சொல்லுக்குள்ளேயே மானம் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் நின்று சத்தம் போட்டால் போதும், பாக்கி வந்துவிடும் என்று வசூலுக்கு வருகிறவனுக்குத் தெரியும்.

2016 மார்ச் மாதம் ஒரத்தநாட்டுப் பக்கம் நடந்ததை தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸ்காரர்கள் அடித்து இழுத்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. 9,000 கோடி ரூபாய் அளவுக்கு வங்கிகள் பாக்கி கேட்டுக்கொண்டிருந்த விஜய் மல்லையா நாட்டைவிட்டுக் கிளம்பியதும் அதே வாரம்தான். டிராக்டரை எடுக்க உத்தரவு இருந்ததா இல்லையா என்ற வாதம் இங்கே தேவையே இல்லை. எந்த உத்தரவும் அடிக்கச் சொல்லாது. கடன் வசூலிக்க அடியாள் வைக்கக்கூடாது, சட்டப்படிதான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஒரு வங்கி வழக்கில் சொல்லியாகிவிட்டது.

2003-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊரில் புழங்கும் பெயர்களையே எழுதித் தடை செய்த சட்டம். அது இருக்கும்போதேதான் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. 2022-ல் ரிசர்வ் வங்கி சிறுகடன் நிறுவனங்களுக்கு விதி போட்டது: இந்தக் கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது, மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. 2025-ல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க மாநில அரசு தனியாக இன்னொரு சட்டமே கொண்டுவந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. அது இருப்பது தெரிந்த ஆள்தான் தெருவுக்கு ஒருவர்கூட இல்லை.

"கடன் வாங்கினால் கட்ட வேண்டாமா?"

இதைப் படிக்கிறவர்களில் சிலர் இந்நேரம் கேட்டிருப்பார்கள். கட்ட வேண்டும். அதில் என்ன சந்தேகம்? தள்ளுபடி, தள்ளுபடி என்று தேர்தலுக்குத் தேர்தல் அறிவித்துப் பழக்கிவிட்டார்கள் என்பதும் ஒரு வாதம். 2021 பிப்ரவரியில் மட்டும் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி ஆனான் என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தள்ளுபடி வேறு, உரிமை வேறு. தள்ளுபடி யாரோ மேலிருந்து போடுகிற பிச்சை; அடுத்த தடவை போட்டாலும் போடலாம், போடாமலும் இருக்கலாம். உரிமை என்பது நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, கணக்கைக் காட்டு என்று கேட்பது, மீட்க வேண்டியதை மீட்பது. உரிமை தெரிந்தவன் தள்ளுபடிக்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

கடன் கொடுத்தவனுக்கு மட்டும் சட்டம் இருந்தால் கடைசியில் கொடுத்தவனும் மிஞ்சமாட்டான் என்பதற்குத் தமிழனுக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. காவிரி டெல்டாவுக்குப் பக்கத்துச் சீமையான செட்டிநாட்டிலிருந்து போன நாட்டுக்கோட்டை நகரத்தார், பர்மாவில் ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயத்துக்கே கடன் கொடுத்து அதை வளர்த்தவர்கள். அவர்களுக்கு நிலத்தில் ஆசை இருந்ததில்லை; வட்டிதான் தொழில். 1930-ல் நெல் விலை அதலபாதாளத்துக்குப் போனது. கடன் கட்ட முடியாமல் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் அவர்கள் பேரில் இருந்தது. எட்டே வருஷத்தில் அது 25 சதவீதம் ஆனது. ஒவ்வொரு பத்திரமும் சட்டப்படி சரி. விளைவு? நிலம் இழந்தவன் கண்ணில் கடன் கொடுத்தவன் எதிரியானான். 1942-ல் ஜப்பானியர் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டியதாயிற்று. 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. பெட்டி நிறையப் பத்திரம் இருந்தது, நிலம் இல்லை.

அதே விலைச் சரிவு இங்கேயும்தான் அடித்தது. இங்கே 1938-ல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் வரை நின்ற வட்டிப் பாக்கி ரத்து. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கொண்டுவந்தது ஏதோ புரட்சிக்காரர் அல்ல; இதுவும் ராஜாஜிதான். கடன் உறவு முறிந்து போகாமல் இருக்க, கொடுத்தவனும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்ட சட்டம்.

"பி.காம். படித்துவிட்டு வங்கி வேலைக்குத்தானே போகிறார்கள், அதனால் வங்கியின் பக்கம்தான் சொல்லித்தர முடியும்" என்பது இன்னொரு வாதம். வங்கிக்குப் போகிறவருக்குத்தான் இது இன்னும் அவசியம். 15 நாளில் பதில் எழுதாமல் விட்ட நோட்டீஸும், வயல் மீது போட்ட சர்பாசி நடவடிக்கையும் தீர்ப்பாயத்தில் தோற்றால் நஷ்டம் வங்கிக்குத்தான்.

கம்பெனிக்கு ஒரு வாசல், குடியானவனுக்கு?

திவால் சட்டத்தைப் பார்த்தால் பேரேட்டின் கோணல் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு கம்பெனி கடனில் மூழ்கினால், 2016 சட்டத்தின்படி கடன் கொடுத்தவர்கள் கூடிப் பேசி, வர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, கம்பெனியை வேறு கைக்கு மாற்றலாம். அதை யாரும் மானக்கேடு என்று சொல்வதில்லை. மறுசீரமைப்பு என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தில் ஏழைக்கென்று ஒரு புதுவாழ்வு வாசலும் எழுதினார்கள்: வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000-க்கும், கடன் 35,000-க்கும் மேல் போகாதவர், சொந்த வீடு இல்லாதவர், மனுப் போட்டுக் கடனிலிருந்து விடுபடலாம் என்று. எழுதியதோடு சரி. தனிநபர் பகுதியில் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் சம்பந்தப்பட்டது மட்டும்தான். மற்றவர்களுக்கு இருப்பது 1920-ம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம். ஊர் பாஷையில் சொன்னால் மஞ்சள் கடுதாசி, ஐ.பி. கொடுப்பது. கம்பெனி செய்தால் மறுசீரமைப்பு. குடியானவன் செய்தால் மஞ்சள் கடுதாசி!

இத்தனைக்கும் பழைய சட்டங்களுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ம் பிரிவைப் பாருங்கள். கடனுக்காக எதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல்: உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்ற முடியாத நகை, கைத்தொழிலாளியின் கருவிகள். விவசாயி என்றால் உழவுக் கருவிகளும், பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைநெல்லும், அவன் குடியிருக்கும் வீடும். அமீனா வந்தாலும் விதைநெல்லைத் தொடக்கூடாது. 1908-ல், வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது இது. ஆனால் ஒன்று: தானாகவே ஈடு எழுதிக்கொடுத்த பொருளுக்கு இந்தக் கவசம் உதவாது. மாட்டை யாரும் எழுதி வாங்கவில்லை. டிராக்டரை எழுதி வாங்குகிறார்கள். வாகனப் புத்தகத்திலேயே நிதி நிறுவனத்தின் பெயரை ஏற்றிவிடுகிறார்கள். மாட்டின் இடத்தில் டிராக்டர் வந்தபோது கவசம் காணாமல் போனதைக் கேள்வி கேட்க ஒரு வணிகவியல் வகுப்பைவிடப் பொருத்தமான இடம் எது?

என்ன செய்யலாம்?

புலம்புவதோடு நிறுத்தாமல் உருப்படியாகச் சில விஷயங்கள். இவை எதற்கும் புதுக் கட்டடமோ கோடிகளோ வேண்டாம்.

முதலாவது, பாடத்தில் நாலு வாரம் கடன் வாங்கியவரின் உரிமைக்கு ஒதுக்க வேண்டும். சட்டப் பட்டத்தை இணையவழியில் படிக்க முடியாது. ஆகவே இந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் பார்க்கப்போகிற ஒரே சட்ட வகுப்பு அநேகமாக இதுதான். 2017-ல் ஸ்வயம் தளம் வந்தது, 2021 விதிப்படி 40 சதவீதம் வரை பாடங்களை இணையத்திலேயே படிக்கலாம் என்றெல்லாம் ஆகிவிட்ட பிறகு, வீடியோவில் இருப்பது மட்டுமே பலருக்குச் சட்டம்.

இரண்டாவது, நாலு விடையில் ஒன்றைத் தொடும் தேர்வோடு விடக்கூடாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு வில்லங்கச் சான்றையும் ஒரு பட்டாவையும் படித்து, இந்த நிலத்தில் யாருக்கு என்ன பாத்தியதை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மாவும் குழியும் பேசுகிற ஊரில் ஏரும் ஹெக்டேரும் போட்ட பட்டாவைப் படிக்கத் தெரிவதே பெரிய படிப்பு.

மூன்றாவது, 13(2) நோட்டீஸுக்கு ஓர் ஆட்சேபக் கடிதம், தமிழில், சொந்தமாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் வருகிற நோட்டீஸைப் பார்த்து வீடே உறைந்து போகிற நேரத்தில் அதை நிதானமாகப் படித்து அர்த்தம் சொல்கிற ஒருவர் வேண்டும்.

நாலாவது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று இருப்பதைச் சொல்லித்தர வேண்டும். 1987-ம் வருஷச் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி, பெண்ணாக இருந்தாலே இலவச வக்கீல் கேட்கலாம். வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. குழுக்கடன் வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாடத்திட்டத்தை எழுதுகிற குழுக்கள் எப்படியும் சில வருஷத்துக்கு ஒருமுறை கூடிப் பழையதில் கொஞ்சம் நீக்கி, புதியதில் கொஞ்சம் சேர்த்துக் கலைகிறார்கள். அடுத்த முறை கூடுகிறபோது அந்த மேஜையில் உட்காருகிறவர்களிடம் மாணவர்கள் ஒரு மனுவாவது கொடுக்க வேண்டும். அதில் பெரிய கோரிக்கை எதுவும் தேவையில்லை. கடன் கொடுத்தவரின் உரிமைகள் என்ற தலைப்பைக் கடன் கொடுத்தவர், வாங்கியவர் இருவரின் உரிமைகள் என்று மாற்றுங்கள், மாற்றிய தலைப்புக்கு நேர்மையாக உள்ளேயும் எழுதுங்கள் என்று கேட்டால் போதும். மாட்டோம் என்றால் ஏன் என்று எழுத்தில் காரணம் சொல்லட்டும். சர்பாசி சட்டத்தில் ஒரு வங்கியே அதற்குக் கட்டுப்பட்டிருக்கும்போது, ஒரு பாடத்திட்டக் குழுவால் முடியாதா என்ன?